நாகஜோதிக்குப் பின்னால் வந்த குளம்

செம்மணலூரில் மாதத்துக்கு ஒரு சனிக்கிழமை காலையிலிருந்து சாயங்காலம் வரை கரண்ட் இருக்காது. அப்படி ஒரு சனிக்கிழமை, பழைய மில் தெருவில் எரிந்துபோன மோட்டார்களுக்குக் காயில் கட்டிக்கொடுக்கும் பாண்டீஸ்வரன், கடையைத் திறந்து என்ன பிரயோஜனம் என்று வாசற்படியில் உட்கார்ந்து மேற்கே பார்த்தான். மேற்கே எப்போதும்போல மலை இருந்தது. மலைமேல் மஞ்சுக்குளம் என்று ஒரு குளம் இருப்பதாகச் சின்ன வயதிலிருந்து கேட்டிருக்கிறான், பார்த்ததில்லை, அந்தத் தெருவில் யாருமே பார்த்ததில்லை.

"ஜோதி, குளத்தைப் பாக்கப் போவமா?" என்றான்.

கிரைண்டர் ஓடாததால் ஊறவைத்த அரிசியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அவன் மனைவி நாகஜோதி, "எப்ப?" என்றாள்.

"இப்பத்தான்."

"சரி, போவோம்."

கல்யாணமான நாளிலிருந்து அவர்கள் யோசிக்காமல் செய்த முதல் காரியம் அது.

மகள் மிதுலாவுக்கு ஆறு வயது. அவ்வளவு ஏற்றம் அவளால் ஏற முடியாது என்று பாண்டீஸ்வரனின் அக்கா வீட்டில் விட்டுவிட்டு, எலுமிச்சைச் சோறு கட்டிக்கொண்டு, மலையடிவாரம் வரை பைக்கில் போய், பைக்கை அங்கே நிறுத்திவிட்டு ஏறத் தொடங்கினார்கள். முள்ளுக்காடு முடிந்து காப்பித் தோட்டம் வந்தது, காப்பித் தோட்டம் முடிந்து இருட்டுச் சோலை வந்தது, சோலை முடிந்து காற்று அடிக்கிற புல்மேடு வந்தது, புல்மேட்டின் ஓரத்தில் பனிக்காடு என்ற சின்ன ஊர் வந்தது. தகரக்கூரை வீடுகளும், படிப்படியாக வெட்டிய பீன்ஸ் வயல்களும் பூண்டு வயல்களும், மூட்டை சுமக்கும் மட்டக்குதிரைகளும் இருந்த அந்த ஊரில், நாகஜோதியின் வயதே இருக்கும் வெள்ளத்தாயி என்பவள் அவர்களுக்குக் கடுங்காப்பி கொடுத்து, "இன்னும் ஒரு மேடுதான். குளத்துல நல்லா கால நனைங்க, சோப்பு மட்டும் போட்ராதீக" என்று சொல்லி அனுப்பினாள்.

மஞ்சுக்குளம் பெரிய குளமில்லை, செம்மணலூர்க் கண்மாயில் பாதிகூட இருக்காது. ஆனால் செம்மணலூர்க் கண்மாயில் கருவேலமரம்தான் இருந்தது. தண்ணீர் என்றால் அங்கே குழாயில் பாதி காற்றோடு வருவது, லாரியில் வருவது, குடத்தில் நிற்பது. யாரும் காவல் இல்லாமல், யாரும் வரிசையில் நிற்காமல், ஒரு மலையுச்சியில் சும்மா கிடக்கும் தண்ணீரை நாகஜோதி அதுவரை பார்த்ததில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு முழங்கால் வரை இறங்கினாள், முகம் கழுவினாள், இரண்டு கையும் சேர்த்து அள்ளிக் குடித்தாள். அப்போது குளத்திடம் அவள் என்ன சொன்னாள் என்று பிற்பாடு ஊரே அவளைக் கேட்டது, டீக்கடையில் கேட்டார்கள், கூட்டம் போட்டுக் கேட்டார்கள், கோயிலில் கற்பூரம் ஏற்றி வைத்துக் கேட்டார்கள். அவள் ஒன்றும் சொல்லவில்லை. "ஸ்ஸ், சில்லுனு இருக்குங்க" என்று புருஷனைப் பார்த்துச் சொன்னாள், அவ்வளவுதான்.

வெயில் தாழும்முன் இறங்கினார்கள். புல்மேட்டில் வரும்போது, ஈரப் பாயைத் தரையில் இழுப்பதுபோலப் பின்னால் ஒரு சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தால் குளம் வந்துகொண்டிருந்தது.

அவர்கள் நின்றார்கள், குளமும் நின்றது. அவர்கள் நடந்தார்கள், குளமும் புல்லை நனைத்துக்கொண்டு, பாறை வந்தால் சுற்றிக்கொண்டு, சரிவு வந்தால் கவனமாக இறங்கிக்கொண்டு, மீன்களோடும் தவளைகளோடும் பின்னாலேயே வந்தது. பாண்டீஸ்வரன் ஒரு கல்லை எடுத்து அதன்மேல் எறிந்தான், கல் விழுந்த இடத்தில் வட்டம் வட்டமாக அலை போயிற்று, அதற்குமேல் என்ன செய்வது என்று அவனுக்குத் தெரியவில்லை. ஒரு பீன்ஸ் கொடியைக்கூட முறிக்காமல் அது வயல் ஓரமாகப் போனதைப் பனிக்காட்டில் வெள்ளத்தாயி இடுப்பில் கைவைத்துப் பார்த்துக்கொண்டு நின்றாள். குளம் எங்கே போய்விடப் போகிறது, இருட்டினால் வந்துவிடும் என்று நினைத்ததாகப் பிறகு சொன்னாள். அடிவாரத்தில் பைக்கை எடுத்தார்கள், குளமும் வேகத்தைக் கூட்டிக்கொண்டது. வனத்துறைச் சோதனைச் சாவடியில் இருந்தவர் பைக்குக்காகத் தடுப்புக் கம்பைத் தூக்கினார், தூக்கியவர் பின்னால் வருவதைப் பார்த்துவிட்டு, அது போய் முடியும்வரை கம்பை இறக்காமல் பிடித்துக்கொண்டிருந்தார்.

செம்மணலூருக்கு வந்ததும் குளம் தெருவுக்குள் நுழையவில்லை. தெருவுக்குப் பின்னால், மூடிக்கிடந்த பஞ்சு மில்லின் காலி மைதானத்தில் இடத்துக்குத் தகுந்தபடி தன்னை மடக்கிக்கொண்டு படுத்துக்கொண்டது.

முதல் நாள் எல்லோரும் வேடிக்கை பார்த்தார்கள். மறுநாள் துணி துவைத்தார்கள். அந்த வாரம் முடிவதற்குள் தெருவின் ஆழ்துளைக் கிணறுகளில் எல்லாம் தண்ணீர் கண்டது, வேப்பமரங்கள் காலமில்லாத காலத்தில் தளிர்விட்டன, தண்ணீர் லாரிக்காரர்கள் வந்து பார்த்துவிட்டுப் பேசாமல் திரும்பிப் போனார்கள், தாசில்தார் வந்து இதை ஓடும் நீர் என்பதா நிற்கும் நீர் என்பதா என்று கரையில் நின்று யோசித்துவிட்டு மோர் குடித்துவிட்டுப் போனார், பள்ளிவாசல்காரர்கள் தொழுகைக்கு முன் கைகால் கழுவி ஒளுச் செய்யக் குழாய் போட்டுக்கொண்டார்கள், மாரியம்மன் கோயில்காரர்கள் தெப்பம் விடலாமா என்று பேசத் தொடங்கினார்கள். வார்டு கவுன்சிலர் ரத்தினவேல் 'இங்கு ஆழம்' என்று ஒரு பலகை நட்டார். மலையிலிருந்து குளம் நடந்து வருமா என்று யாரும் கேட்கவில்லை. வந்துவிட்டதே, இனி போகாமல் இருக்க வேண்டுமே என்பதுதான் எல்லோருடைய பேச்சாகவும் இருந்தது.

போகாமல் இருப்பது நாகஜோதி கையில் இருந்தது, அவள் காலில் இருந்தது என்று சொல்வதுதான் சரி. அவள் வேலை பார்க்கும் மருந்துக்கடைக்குப் போனால் குளம் பஜார் வழியாக வந்து கடைப்படியில் காத்துக்கிடந்தது, மாத்திரைப் பெட்டிகள் நனைந்துபோயின, முதலாளி கையெடுத்துக் கும்பிட்டு, "நீ வீட்ல இரும்மா, உன் வேலையை எவனுக்கும் குடுக்க மாட்டேன்" என்றார். உசிலம்பட்டியில் தம்பி கல்யாணம் நடந்தது, அவள் போகவில்லை. அம்மாவுக்குக் காய்ச்சல் என்று போன் வந்தது, அவள் பஸ் ஸ்டாண்டு வரை போய், பின்னால் பஸ்கள் சக்கரம் மூழ்க நிற்பதைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தாள். மற்ற வார்டுக்காரர்கள் சண்டைக்கு வந்தார்கள், எங்களுக்கு மட்டும் தொண்டை இல்லையா என்றார்கள். அதனால் வெள்ளிக்கிழமைதோறும் நாகஜோதியை மேளம் வைத்து ஒவ்வொரு தெருவாக நடத்திக் கூட்டிப்போனார்கள், அவள் முன்னால் நடக்க, குளம் பின்னால் நடக்க, அவள் போன தெருவின் கிணறுகள் எல்லாம் நிறைய, வாசலுக்கு வாசல் ஆரத்தி எடுத்தார்கள், பூ போட்டார்கள், குழந்தைக்குப் பெயர் வைக்கச் சொன்னார்கள். கால் வலிக்கிறது என்று அவள் சொன்னபோது மருதாணி வைத்துவிட்டார்கள்.

வீட்டில் அவள் பாண்டீஸ்வரனிடம், "எனக்கு ஏதாவது வழி சொல்லுங்க" என்றாள்.

தண்ணீர் வந்ததிலிருந்து மோட்டார் எதுவும் வறண்டு ஓடி எரியவில்லை, அவன் கடையில் வேலை இல்லை. சும்மா இருந்த கைகளைப் பார்த்துக்கொண்டு, "நான்தானடி போவமான்னு கேட்டேன்" என்றான்.

அதற்குள் பனிக்காட்டிலிருந்து ஆட்கள் வந்துவிட்டார்கள். ஒருநாள் பகலில், ஊரே புறப்பட்டு வந்ததுபோலக் குழந்தைகளும் குதிரைகளுமாக இறங்கி வந்து மில் மைதானத்தின் கரையில் நின்றார்கள். குதிரைகள் யாரையும் கேட்காமல் இறங்கிக் குடித்தன. மனிதர்கள் குடிக்காமல் பார்த்துக்கொண்டே நின்றார்கள், முன்பின் தெரியாத ஊரில் சொந்தக்காரரைப் பார்த்ததுபோல. வெள்ளத்தாயி மட்டும் கரையில் கிடந்த ஷாம்பு பாக்கெட்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி மடியில் கட்டிக்கொண்டாள்.

"பீன்ஸ் காஞ்சுருச்சு தாயி" என்றாள் நாகஜோதியிடம். "பூண்டும் போச்சு. ஓடையெல்லாம் அந்தக் குளத்துலருந்துதான் ஊறும், அதுவும் நின்னுருச்சு. நாங்க சண்டைக்கு வரல. தூக்கிட்டுப் போற சாமானா இருந்தா நாலு பேரு சேந்து தூக்கிட்டுப் போயிருவோம். நீ வந்தாத்தான் அது வரும்."

"அவங்களுக்கு மேல மழை பெய்யும்மா" என்றார் ரத்தினவேல். "மலை பாரு, மழை எப்பவேணாலும் பெய்யும். நமக்குப் பெய்யுமா?"

"பெய்ஞ்சா தங்குறதுக்குக் குளம் வேணுமில்ல?" என்றாள் வெள்ளத்தாயி.

இரண்டு பக்கமும் நியாயம் இருந்தது, இரண்டு பக்கமும் குழந்தைகள் இருந்தார்கள். செம்மணலூர்க்காரர்கள் மலைக்காரர்களைத் துரத்தவில்லை, மில் வாசலில் பந்தல் போட்டு, பாய் போட்டு, மூன்று வேளையும் சோறு போட்டார்கள். பேச்சுவார்த்தை நாள்கணக்கில் நடந்தது. ரத்தினவேல் பேசினார், வெள்ளத்தாயி பேசினாள், தாசில்தார் பேசினார். நாகஜோதியைப் பந்தலின் நடுவில் நாற்காலியில் உட்காரவைத்திருந்தார்கள். அவளுக்கு என்ன வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் என்ன சொல்லியிருப்பாள்? தம்பி பெண்டாட்டியை ஒருதரம் பார்க்க வேண்டும், கடையில் நின்று மாத்திரை எடுத்துக் கொடுக்க வேண்டும், பின்னால் ஒன்றும் வராமல் ஒரு தெரு நடக்க வேண்டும். இதையெல்லாம் அத்தனை காய்ந்த வாய்களுக்கு நடுவில் சொல்ல அவளுக்குக் கூச்சமாக இருந்தது.

பாண்டீஸ்வரனுக்கு ஒரு யோசனை வந்தது. குளத்தை மேலே கூட்டிப்போய் அதன் பள்ளத்தில் விட்டுவிட்டு, அது அசந்த நேரமாகப் பார்த்து ஓடி வந்துவிடுவது. செம்மணலூர் விழிக்கும்முன், மலைக்காரர்களையும் கூட்டிக்கொண்டு அப்படியே செய்தார்கள். குளம் தன் பள்ளத்தைப் பார்த்ததும் உள்ளே இறங்கிப் படுத்துக்கொண்டது, அலைகூட அடங்கிவிட்டது. இரண்டு பேரும் பின்பக்கமாகவே அடிவைத்து நகர்ந்து, மேட்டைத் தாண்டி, மூச்சுப் பிடித்துக்கொண்டு ஓடினார்கள். சோலையைத் தாண்டியபோது மேலே இடி விழுந்ததுபோலச் சத்தம் கேட்டது. இந்தமுறை குளம் பாறையைச் சுற்றவில்லை, வயலை விட்டு ஒதுங்கவில்லை. மண்ணும் மரமுமாக உருண்டு வந்து, நாகஜோதியின் குதிகாலுக்கு ஒரு சாண் தூரத்தில் நின்று, கலங்கிப்போய், குலுங்கிக்கொண்டிருந்தது. வழியில் இரண்டு பூண்டு வயல்களும் வெள்ளத்தாயியின் மட்டக்குதிரைகளில் ஒன்றும் போயிருந்தன.

பின்னாலேயே இறங்கி வந்த வெள்ளத்தாயி திட்டவில்லை. சேறு அப்பிக் கிடந்த குதிரையின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து அதன் காதைத் தடவிக்கொண்டே, "இனிமே ஓடாத தாயி" என்றாள். "நீ ஓடுனா அது பயந்துக்கிருது."

நாகஜோதி அவளைப் பார்த்தாள், குதிரையைப் பார்த்தாள், பின்னால் கலங்கலாக நின்ற தண்ணீரைப் பார்த்தாள். அங்கேயே திரும்பி, மேலே நடக்கத் தொடங்கினாள். "ஜோதி, பிள்ளை இருக்குடி" என்றான் பாண்டீஸ்வரன். "கூட்டிட்டு வந்து காட்டுங்க" என்று திரும்பாமலே சொன்னாள். குளம் அவள் பின்னால் மெதுவாக ஏறியது.

பனிக்காட்டில் அவளுக்குக் கரையிலேயே ஒரு வீடு கட்டிக் கொடுத்தார்கள். புதுத் தகரம், புதுக் கம்பளி, அடுப்புக்கு அடுக்கி வைத்த விறகு. அவள் ஒரு வேலையும் செய்ய வேண்டியதில்லை, இருந்தால் போதும். பீன்ஸ் மறுபடி கொடி ஏறியது, ஓடைகள் ஊறின, முதல் பறிப்பில் ஒரு கூடை அவள் வாசலுக்கு வந்தது. ஊர்ப் பெண்கள் பகலில் வந்து உட்கார்ந்து பேசினார்கள், தலை பின்னிவிட்டார்கள், அவளுக்குத் தும்மல் வந்தால் கஷாயம் வைத்தார்கள். ஒருநாள் அவர்களில் ஒருத்தி, மிகவும் பிரியமாக, "நீ செத்தாலும் இந்தக் கரையிலதான் வைப்போம் தாயி, அதுக்கு நல்ல இடமாப் பாத்து வச்சிருக்கோம்" என்றாள். மற்றவர்கள் அவளை அதட்டினார்கள், ஆனால் இடம் எது என்று நாகஜோதிக்குத் தெரிந்துவிட்டது, அங்கே புல் வெட்டப்பட்டிருந்தது.

கீழே செம்மணலூரில் கிணறுகள் வற்றின, லாரிகள் திரும்பி வந்தன, மோட்டார்கள் எரியத் தொடங்கின, பாண்டீஸ்வரனுக்குக் கை ஓயாமல் வேலை வந்தது. எரிந்த மோட்டாரைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் எல்லாம் அதை இறக்கி வைக்கும்முன், "வீட்ல எப்ப வர்றாக?" என்று கேட்டார்கள். சனிக்கிழமைகளில் அவன் கடையைப் பூட்டிவிட்டு மிதுலாவைக் கூட்டிக்கொண்டு மலையேறினான். முதலில் தோளில் தூக்கிக்கொண்டு ஏறினான், பிறகு அவளே நடந்தாள், பிறகு அவனுக்கு முன்னால் ஓடினாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வரை மூன்று பேரும் கரையில் இருந்தார்கள். மிதுலா தண்ணீரில் காலை ஆட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக் கதைகளை யாருக்கென்று இல்லாமல் சொல்லுவாள், இலையில் படகு விடுவாள், அடிபட்ட முட்டியைக் கழுவுவாள். திரும்பும்போது நாகஜோதி சோலை முனைவரை கூட வருவாள். அதற்குமேல் வந்தால் குதிகால் நனையும். நின்றுகொள்வாள்.

எட்டு மாதம் இப்படிப் போனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, சோலை முனையில் வழக்கம்போல நின்றவள் குனிந்து பார்த்தாள். குதிகால் நனையவில்லை. இன்னும் ஓரடி வைத்தாள். செருப்பில் தூசி இருந்தது. சோலைக்குள் நுழைந்தாள், பத்துப் பதினைந்து மரம் தாண்டினாள், பின்னால் சருகு காய்ந்தே கிடந்தது. பாண்டீஸ்வரன் அதைப் பார்த்துவிட்டான். இரண்டு பேரும் மூச்சை மெதுவாக விட்டார்கள், அவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டான். சோலை பாதி முடிந்துவிட்டது. தம்பி பெண்டாட்டிக்கு என்ன வாங்கிக்கொண்டு போவது என்று நாகஜோதி யோசிக்கவே தொடங்கிவிட்டாள்.

அப்போது ஈரப் பாய் இழுக்கும் சத்தம் கேட்டது.

குளம் வந்தது. அவள் பாதையின் நடுவில் நின்றாள். அது அவள் காலடியில் நிற்கவில்லை. ஒரு கல்லைச் சுற்றிப் போவதுபோல அவளுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பிரிந்து, அவளைத் தாண்டி மறுபடி ஒன்றாகி, கீழே போனது. கீழே, காட்டுக் கொய்யா பொறுக்கிக்கொண்டு முன்னால் ஓடிய மிதுலா திரும்பிப் பார்த்தாள்.

"அம்மா! இங்க பாரேன், எம் பின்னாடி வருது!" என்று கைதட்டினாள்.

நாகஜோதி ஓடினாள். தண்ணீருக்கு முன்னால் போய் விழுந்து குறுக்கே படுத்தாள், கையால் அடித்தாள், "நான் இங்க இருக்கேன், என்னைப் பாரு, எங்கயும் போகல, என்னைப் பாரு" என்று கத்தினாள். அது அவளை நனைத்துக்கொண்டு கடந்து போய், பிள்ளையின் செருப்புகளுக்குப் பின்னால் ஒரு சாண் விட்டு நின்றது. பாண்டீஸ்வரன் மகளைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு நான்கு திசையிலும் நடந்து பார்த்தான், நான்கு திசையிலும் அது வந்தது. வயல்களும் செத்த குதிரையும் நினைவுக்கு வந்ததும் ஓடாமல் நின்றான். மூன்று பேரும் திரும்பி மேலே ஏறினார்கள்.

கரையில் பெண்கள் கூடியிருந்தார்கள். அவர்களுக்கு யாரும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. சாயங்காலத்துக்குள் ஒரு சின்னக் கம்பளி வந்தது, பால் வந்தது, யாரோ ஒரு குதிரைக்குட்டியைக் கொண்டுவந்து வாசலில் கட்டினார்கள். மிதுலா அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "நாளைக்கு ஸ்கூல் இல்லையாப்பா?" என்று சந்தோஷமாகக் கேட்டாள்.

வெள்ளத்தாயி நாகஜோதியின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவள் கண்ணிலும் தண்ணீர் இருந்தது.

"இனிமே நீ எங்க வேணாலும் போகலாம் தாயி. உன்னைய நாங்க பிடிச்சு வைக்கல" என்றாள்.

மறுநாள் பிள்ளைக்கு மாற்று உடுப்பு வேண்டியிருந்ததால், பாண்டீஸ்வரனை அவளோடு விட்டுவிட்டு நாகஜோதி தனியாக இறங்கினாள். சோலை, காப்பித் தோட்டம், முள்ளுக்காடு, பிறகு தார்ரோடு. செம்மணலூர் எல்லையில் அவளை முதலில் பார்த்தவர்கள் சத்தம் போட்டார்கள். சத்தம் தெருத் தெருவாக ஓடியது, பெண்கள் குடத்தோடு வெளியே வந்தார்கள், மேளக்காரர் கடையை விட்டு இறங்கினார். அவள் கிட்டே வர வர எல்லோருடைய கண்ணும் அவள் முகத்தைத் தாண்டிப் பின்னால் போனது. பின்னால் ரோடு காய்ந்து கிடந்தது. குடங்களை இடுப்பிலிருந்து இறக்காமல் வழி விட்டார்கள். எவ்வளவோ நாள் ஆசைப்பட்டதுபோல, பின்னால் ஒன்றும் வராமல் அவள் அந்தத் தெருவை நடந்து முடித்தாள்.

வீட்டைத் திறந்து கவுன்களையும், இரண்டு செட் யூனிஃபார்மையும், புத்தகப் பையையும் எடுத்து மூட்டையாகக் கட்டிக்கொண்டு வெளியே வந்தபோது ரத்தினவேல் வாசலில் பைக்கோடு நின்றிருந்தார்.

"ஒத்தையிலயா வந்த?"

"ஆமாண்ணே."

"அது வரலையா?"

"வரல."

அவர் முகம் விழுந்துவிட்டது. பைக்கைத் திருப்பப்போனவர், மூட்டைக்கு வெளியே தொங்கிய சின்ன யூனிஃபார்மின் கையைப் பார்த்தார். அதையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு பைக்கை ஸ்டாண்டு போட்டு நிறுத்திவிட்டு இறங்கி வந்து, மிகவும் கனிவாக, "பாப்பா எப்பம்மா வருது?" என்று கேட்டார். "பரீட்சை வருதுல்ல. படிப்பைக் கெடுத்துறக் கூடாது. நான் வேணா ஜீப்பு அனுப்பட்டா?"

நாகஜோதி மூட்டையை மாரோடு அணைத்துக்கொண்டு, கூட்டத்தை விலக்கிக்கொண்டு மேற்கே நடந்தாள். தெரு முனையில் ஒருதரம் திரும்பிப் பார்த்தாள். மில் மைதானத்தில் ஆட்கள் இறங்கிவிட்டார்கள், வரிசையாகக் குனிந்து, கிடந்த முள்ளையும் கண்ணாடித் துண்டுகளையும் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள், சின்னப்பிள்ளை நடக்கிற இடம் என்று.